‘குட்டி இளவரசன்’ எழுதியவரின் கடைசி விமானம்: பாரிஸ் மியூசியத்தில் இருக்கும் சில உலோகத் துண்டுகளின் கதை

பாரிஸ் போகிறவர்களின் லிஸ்ட் எப்பவுமே ஒண்ணுதான். ஐஃபிள் டவர், லூவ்ர், ஆற்றோரம் நாலு ரீல்ஸ். விமானப் பைத்தியம் பிடித்தவர்கள் மட்டும் நகரத்தின் வடக்கே இருக்கிற லெ பூர்ஜே என்ற இடத்துக்குக் கிளம்புவார்கள். பழைய விமான நிலையம் அது. 1927-ல் லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தன்னந்தனியாகத் தாண்டி வந்து இறங்கியது இந்த மைதானத்தில்தான். இன்றைக்கு அங்கே பிரெஞ்சு ராணுவ அமைச்சகத்தின் கீழ் இயங்கும் விமான அருங்காட்சியகம் இருக்கிறது. 1919-ல் தொடங்கப்பட்டது. உலகத்தின் மிகப் பழைய விமான மியூசியங்களில் ஒன்று.

உள்ளே போனால் வேற உலகம். முதல் உலகப்போரில் பிரான்ஸே கொண்டாடிய கினெமேர் என்ற இளம் விமானி ஓட்டிய ஸ்பாட் போர் விமானம் அப்படியே இருக்கிறது. மரச்சட்டமும் துணியுமாக, பெரிய சைஸ் பட்டம் மாதிரி. இதில் ஏறியா சண்டை போட்டார்கள் என்று தோன்றும். இன்னொரு பக்கம் இரண்டு கான்கார்டு விமானங்கள். வேறெங்கும் பார்க்கவே முடியாத பழைய போர் விமானங்கள், பெயின்ட் மின்ன வரிசையாக நிற்கும்.

இவ்வளவு அழகுக்கும் நடுவில் ஒரு அசிங்கமான பொருளும் உண்டு. நசுங்கி, வளைந்து, கடல் உப்பு அரித்துப்போன சில உலோகத் துண்டுகள். விமானத்தின் சக்கரக் கால், இன்ஜினோடு சேர்ந்த ஒரு பாகம், வால் பகுதியின் சில்லுகள். காயலான் கடையில் கிலோ கணக்கில் போட்டால்கூட பெரிசா காசு தேறாது. ஏறக்குறைய 60 வருஷம் மத்தியதரைக் கடலுக்கு அடியில் கிடந்தவை அவை. லாக்ஹீட் பி-38 லைட்னிங் ரக விமானத்தின் மிச்சம். அதைக் கடைசியாக ஓட்டியவர் பெயர் அந்த்வான் து செந்த்-எக்சுபெரி.

பெயர் வாயில் நுழையலையா? பரவாயில்லை, அவருடைய நண்பர்களே செந்த்-எக்ஸ் என்று சுருக்கித்தான் கூப்பிட்டார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். ‘குட்டி இளவரசன்’ எழுதியவர். வெ.ஸ்ரீராமும் மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்தே நேரடியாக மொழிபெயர்த்து, க்ரியா வெளியீடாகத் தமிழிலும் வந்த புத்தகம். உலகம் முழுக்க 500-க்கும் மேற்பட்ட மொழிகளிலும் வட்டார வழக்குகளிலும் வந்திருக்கிறது. ரோஜா, நரி, தனியாக ஒரு குட்டிக் கிரகத்தில் நிற்கும் சிறுவன். டாட்டூவாகவும் டீ-ஷர்ட்டாகவும் போன் கவராகவும் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அந்தப் புத்தகத்தை எழுதியவருக்கும் ராணுவ உளவு விமானத்துக்கும் என்ன சம்பந்தம்? 44 வயதில், உடம்பெல்லாம் பழைய எலும்பு முறிவோடு இருந்த ஒரு மனுஷன் எதற்காக அதில் ஏறினார்? அதுதான் இந்தக் கதை.

அம்மாவிடம் சொல்லாமல் ஒரு ரவுண்டு

1900 ஜூன் 29, லியோன் நகரம். பழைய பிரபுக் குடும்பம். பட்டம் இருந்தது, பணம்தான் பெரிசா இல்லை. ஐந்து பிள்ளைகளில் மூன்றாவது ஆள் நம்ம அந்த்வான். அவருக்கு நாலு வயசு ஆவதற்குள்ளேயே அப்பா இறந்துபோனார். அம்மா மரீதான் ஐந்து பேரையும் வளர்த்தார்.

விடுமுறைக்கு உறவினர் ஒருவரின் பெரிய மாளிகைக்குப் போவார்கள். அங்கேதான் சேட்டை எல்லாம். சைக்கிளில் துணியைப் பாய்போலக் கட்டி, பறக்க முடியுமா என்று முயற்சி பண்ணியிருக்கிறார். பறக்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மாளிகைக்குப் பக்கத்தில் ஆம்பெரியூ என்ற ஊரில் ஒரு விமானத் திடல் இருந்தது. பையன் அங்கேயே பழியாகக் கிடப்பான். 1912-ல், 12 வயதில், ஒரு விமானி அவனை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று சுற்றிக் காட்டினார். அம்மா கூடாது என்று சொல்லியிருந்தாராம். அம்மா சரின்னு சொல்லிட்டாங்க என்று விமானியிடம் பையன் கூசாமல் பொய் சொன்னதாகக் கதை.

1917-ல் தம்பி ஃபிரான்சுவா காய்ச்சலில் இறந்தான். 15 வயசு. அந்தச் சாவை அண்ணன் கடைசி வரைக்கும் மறக்கவில்லை. குட்டி இளவரசன் பாலைவனத்தில் சத்தமே இல்லாமல் சாய்கிற அந்தப் பக்கத்தைப் படித்தவர்களுக்கு இது ஞாபகம் வரலாம்.

படிப்பில் சுமார் ரகம்தான். கடற்படைக் கல்லூரி நுழைவுத் தேர்வில் தோல்வி. 1921-ல் கட்டாய ராணுவ சேவை வந்தபோது விமானப் படைப்பிரிவில் சேர்ந்தார். ஆனால் கொடுத்த வேலை தரையில். விமானம் ஓட்ட வேண்டுமென்றால் சொந்தக் காசு கட்டித் தனியாகக் கற்க வேண்டும். காசு? அம்மாதான். 12 வயசில் வேண்டாம் என்ற அதே அம்மா, 21 வயசில் ஃபீஸ் கட்டினார்.

லைசென்ஸ் கிடைத்தது. லெ பூர்ஜே படைப்பிரிவுக்கு மாற்றலும் கிடைத்தது. ஆமாம், இப்போது மியூசியம் இருக்கிற அதே இடம்தான். 1923-ல் அங்கேயே விமானத்தோடு விழுந்தார். மண்டையோட்டில் முறிவு. அவருடைய முதல் பெரிய விபத்து.

அப்போது லூயிஸ் து வில்மோரன் என்ற பெண்ணோடு நிச்சயமாகியிருந்தது. இந்த வேலை ஆபத்து, விட்டுவிட்டு வந்தால்தான் கல்யாணம் என்று பெண் வீட்டார் ஒற்றைக்காலில் நின்றார்கள். விட்டார். பாரிஸில் ஓடு தயாரிக்கும் கம்பெனியில் குமாஸ்தா வேலை. அப்புறம் லாரி விற்கிற சேல்ஸ்மேன் வேலை. ஒரு வருஷத்துக்கும் மேல் அலைந்து அவர் விற்றது ஒரே ஒரு லாரி என்று சொல்வார்கள். நிச்சயமும் முறிந்தது. பெண்ணும் இல்லை, விமானமும் இல்லை.

தபால்காரர்

1926-ல் துலூஸ் நகரத்தில் இருந்த லாட்டேகொயர் என்ற விமானத் தபால் கம்பெனியில் சேர்ந்தார். மேனேஜர் திதியே தோரா கறாரான ஆள். பிரபு வீட்டுப் பிள்ளை, கவிதை எழுதுவார் என்பதெல்லாம் அவரிடம் செல்லாது. புதுசாக வருகிற எல்லாரையும்போல இவரையும் முதலில் இன்ஜின் கழுவ விட்டார். கை முழுக்க கிரீஸ்.

பிறகு பிரெகே 14 கையில் வந்தது. முதல் உலகப்போரில் குண்டு போடவும் உளவு பார்க்கவும் செய்யப்பட்ட விமானம். சண்டை முடிந்ததும் தபால் மூட்டை தூக்கியது. அந்த ரக விமானம் ஒன்று லெ பூர்ஜே மியூசியத்தில் இருக்கிறது, அதன் முன்னால் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். மேலே கூரை கிடையாது. காற்று, மழை, மணல் எல்லாம் நேராக முகத்தில். ரேடியோ கிடையாது. இன்ஜின் எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. துலூஸிலிருந்து ஸ்பெயின், அங்கிருந்து காசாபிளாங்கா, அப்புறம் சஹாரா பாலைவனத்தின் ஓரமாகவே டக்கார் வரைக்கும். பாலைவனப் பகுதியில் எப்போதும் இரண்டு விமானமாகப் போவார்கள். ஒன்று விழுந்தால் இன்னொன்று இறங்கி விமானியைத் தூக்கிக்கொள்ள. விழுந்தவர் அங்கே இருந்த பழங்குடிக் குழுக்களிடம் மாட்டினால் பிணைப்பணம், இல்லாவிட்டால் உயிர். இரண்டும் நடந்திருக்கிறது. எல்லாம் யாரோ யாருக்கோ எழுதிய கடிதங்களுக்காக.

1927-ல் அவரை கேப் ஜூபி என்ற இடத்துக்கு நிலையப் பொறுப்பாளராக அனுப்பினார்கள். இன்றைய மொராக்கோவின் தர்ஃபாயா. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மணல், நடுவில் ஸ்பெயின்காரர்களின் கோட்டை, அதை ஒட்டி ஒரு மரக் குடிசை. வீடு அதுதான். இரண்டு பீப்பாய்க்கு மேல் ஒரு பலகை, அதுதான் மேஜை. சுமார் 18 மாதம் அங்கே இருந்தார்.

என்னைக் கேட்டால் செந்த்-எக்ஸ் வாழ்க்கையில் மிக அழகான காலம் இதுதான். கொஞ்சம் அரபு கற்றார். பழங்குடித் தலைவர்களோடு உட்கார்ந்து டீ குடித்தார். அவர்கள் பிடித்துவைத்திருந்த விமானிகளைப் பேசிப் பேசியே மீட்டார். பாலைவன நரி ஒன்றை வளர்க்கப் பார்த்தார். பெரிய காது வைத்த குட்டி நரி. ‘குட்டி இளவரசன்’ புத்தகத்தில் நரியின் காது ஏன் அவ்வளவு நீளம் என்று இனிமேல் யோசிக்க வேண்டாம். அடிமையாக இருந்த ஒரு வயதான மனிதரை, மெக்கானிக்குகளோடு சேர்ந்து காசு போட்டு விலைக்கு வாங்கி, விடுதலை செய்து ஊருக்கு அனுப்பிவைத்ததையும் பிறகு எழுதினார். ராத்திரிகளில் அந்தப் பீப்பாய் மேஜையில் முதல் நாவலை எழுதினார். அது 1929-ல் வெளிவந்தது.

அதே வருஷம் அர்ஜென்டினா. அங்கே தபால் விமானத் தடங்களைப் பார்த்துக்கொள்ளும் பெரிய பதவி, நல்ல சம்பளம். நெருங்கிய நண்பர்கள் மெர்மோஸும் கியோமேயும் கூடவே. 1930 ஜூனில் கியோமேயின் விமானம் பனிப்புயலில் சிக்கி ஆண்டிஸ் மலையில் விழுந்தது. செந்த்-எக்ஸ் மலைச் சிகரங்களுக்கு நடுவே நாள் கணக்கில் பறந்து தேடினார். ஒன்றும் தெரியவில்லை. கியோமே பனியில் ஐந்து நாள் நடந்தே உயிரோடு வந்து சேர்ந்தார். செந்த்-எக்ஸ் எழுதிய நட்புப் பக்கங்களில் மிகச் சிறந்தவை அந்த நடையைப் பற்றியவை.

புவெனஸ் அயர்ஸில்தான் கொன்சுவேலோவைச் சந்தித்தார். எல் சால்வடார் நாட்டுப் பெண். 1931-ல் கல்யாணம். அதே வருஷம் ‘இரவுப் பறத்தல்’ என்ற பொருள்படும் தலைப்பில் வந்த நாவலுக்கு ஃபெமினா பரிசு. புத்தகம் ஹாலிவுட் படமானது, க்ளார்க் கேபிள் நடித்தார். கெர்லென் கம்பெனி அதே பெயரில் ஒரு சென்ட்டே கொண்டுவந்தது. இன்றைய பாஷையில் சொன்னால், ஆள் டிரெண்டிங்.

ஆனால் கல்யாண வாழ்க்கை சரிவரவில்லை. சண்டை, பிரிவு, மறுபடி சேர்தல், இருவருக்கும் வேறு உறவுகள். ரோஜாவை விட்டு இளவரசன் கிளம்பிப் போவதும், பிறகு அதை நினைத்தே ஏங்குவதும் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் கொன்சுவேலோவைத்தான் கை காட்டுகிறார்கள். நிஜத்தில் அந்த ரோஜா நிறைய அழுதிருக்கிறது. அதைச் சொல்லாமல் காதல் கதையாக மட்டும் விற்பது எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான்.

விழுந்து விழுந்து எழுந்தவர்

ஒரு உண்மையை இங்கே சொல்லிவிட வேண்டும். செந்த்-எக்ஸ் தைரியமான விமானி. ஆனால் கவனமான விமானி என்று யாரும் சொன்னதில்லை. காக்பிட்டில் உட்கார்ந்தே புத்தகம் படிப்பார். கையிலிருந்த நாவல் முடியவில்லை என்பதற்காக, தரையில் எல்லோரும் காத்திருக்க, ஒரு மணி நேரம் மேலேயே வட்டமடித்தார் என்றுகூட ஒரு கதை உண்டு. 1933-ல் கடல் விமானம் ஒன்றைச் சோதனை ஓட்டம் பார்க்கும்போது கவிழ்ந்து, மூழ்கிச் சாகத் தெரிந்தார்.

1935 டிசம்பர். பாரிஸிலிருந்து சைகோனுக்கு வேகமாகப் பறந்து சாதனையை முறியடித்தால் 1,50,000 ஃபிராங்க் பரிசு. அந்த வருஷத்துக்குள் முடிக்க வேண்டும். கையில் காசில்லாத நேரம். மெக்கானிக் பிரெவோவோடு, சிமூன் என்ற விமானத்தில் டிசம்பர் 29 அன்று கிளம்பினார். கிளம்பிய இடம், மறுபடியும் லெ பூர்ஜே. சிமூன் என்றால் பாலைவனத்தின் அனல் காற்று. பெயர் பொருத்தம் அப்படி.

மறுநாள் நள்ளிரவு தாண்டி, மேகத்துக்குள் திசை தெரியாமல் தாழ இறங்கி, எகிப்துப் பாலைவன மணலில் மோதினார்கள். அந்த வேகத்தில் இருவரும் பிழைத்ததே அதிசயம். ஆனால் தண்ணீர் இல்லை. இருந்தது கொஞ்சம் காபி, கொஞ்சம் ஒயின், ஒரு ஆரஞ்சு. பகலில் நடந்தார்கள், கானல் நீரைத் துரத்தினார்கள், விமானத்தின் இறக்கையில் படிந்த பனித்துளியைத் துணியால் துடைத்துப் பிழிந்து குடித்தார்கள். எண்ணெயும் பெயின்ட்டும் கலந்த தண்ணீர். நாலாவது நாள், சாவு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்ட நேரத்தில், ஒட்டகத்தோடு வந்த ஒரு பெதூயின் அவர்களைக் காப்பாற்றினார். எட்டு வருஷம் கழித்து வந்த புத்தகத்தில், பாலைவனத்தில் விமானம் பழுதாகி, குடிநீர் தீர்ந்துகொண்டிருக்கிற ஒரு விமானியிடம்தான் ஒரு சிறுவன் வந்து ஆட்டுக்குட்டி வரைந்து தரச் சொல்கிறான்.

1938-ல் குவாதமாலா. எரிபொருளை அளவுக்கு மீறி ஏற்றிய விமானம் எழும்ப முடியாமல் ஓடுபாதை முடிவில் நொறுங்கியது. உடம்பில் பல இடத்தில் எலும்பு முறிவு. இடது தோள் அதற்குப் பிறகு முழுசாகச் சரியாகவே இல்லை. இந்தத் தோளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். படுக்கையில் இருந்த காலத்தில் சேர்த்த பக்கங்கள்தான் 1939-ல் புத்தகமாகி, பிரெஞ்சு அகாதமியின் நாவல் பரிசையும் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதையும் வாங்கின.

போர்

இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும் 39 வயது எழுத்தாளருக்கு ராணுவத்தில் ஏதாவது பாதுகாப்பான மேஜை வேலை கொடுக்கப் பலரும் தயாராக இருந்தார்கள். அவர் சண்டை போட்டு 2/33 என்ற உளவுப் படைப்பிரிவில் சேர்ந்தார். வேலை, எதிரியின் மேலே பறந்து போட்டோ எடுத்து வருவது. 1940 மே மாதம் ஜெர்மனி உள்ளே புகுந்தபோது, மூன்றே வாரத்தில் அந்தப் பிரிவின் 23 விமானக் குழுக்களில் 17 போய்விட்டதாக அவர் பதிவு செய்திருக்கிறார். எடுத்து வந்த போட்டோக்களை வாங்கிப் பார்க்கக்கூட மேலே யாரும் இல்லாத அளவுக்கு ராணுவம் சிதறிக்கொண்டிருந்தது. எரிந்துகொண்டிருந்த அராஸ் நகரத்தின் மேல் மே 23 அன்று அவர் பறந்தது அப்படி ஒரு பறத்தல். போய்த் திரும்பினார். பிரான்ஸ் தோற்றது.

1940-ன் கடைசி நாளில் கப்பலில் நியூயார்க் வந்து இறங்கினார். வரும் வழியிலேயே கியோமே இறந்த செய்தி வந்துவிட்டது. மத்தியதரைக் கடலுக்கு மேல் பறந்த அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டிருந்தது. மெர்மோஸ் 1936-லேயே அட்லாண்டிக்கில் விமானத்தோடு காணாமல் போயிருந்தார். பழைய தபால் நண்பர்களில் மிச்சம் இவர்தான்.

நியூயார்க்கில் இரண்டு வருஷம் சொச்சம். இங்கிலீஷ் கற்றுக்கொள்ளவே மாட்டேன் என்று அடம். உடம்பில் பழைய வலி. நாடு கடந்து வந்த பிரெஞ்சுக்காரர்கள் இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். இவர் தெ கோல் பக்கமும் சேரவில்லை, ஜெர்மனிக்கு அடங்கிப் போன அரசின் பக்கமும் சேரவில்லை. அதனால் இரண்டு பக்கமும் திட்டு. இன்றைய ட்விட்டர் சண்டையில் நடுவில் நிற்கிறவனுக்கு என்ன ஆகுமோ அதே.

அந்தக் கசப்பான நேரத்தில், 1942-ல், எழுதியதுதான் ‘குட்டி இளவரசன்’. ராத்திரி முழுக்க முழித்து, காபி குடித்து, சிகரெட் ஊதி, வாட்டர்கலரில் தானே படமும் வரைந்து. நள்ளிரவு இரண்டு மணிக்கு நண்பர்களுக்கு போன் போட்டு படித்துக் காட்டுவாராம். புத்தகத்தை லியோன் வெர்த் என்ற நண்பருக்குச் சமர்ப்பித்தார். அவர் யூதர். அப்போது ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்ஸில், மலைக் கிராமம் ஒன்றில் ஒதுங்கி வாழ்ந்துகொண்டிருந்தார். சிறுவர் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இவ்வளவு பெரிய துக்கம் இருப்பது படிக்கும்போது தெரியாது.

1943 ஏப்ரலில் நியூயார்க்கில் புத்தகம் வெளியானது. அதே மாதம் ஆசிரியர் வட ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டார், மறுபடி போருக்கு. கிளம்பும்போது நியூயார்க் தோழி ஒருவரிடம் ஒரு காகிதப் பையைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே கையெழுத்துப் பிரதியும் ஓவியங்களும். காபிக் கறையோடும் சிகரெட் சூட்டோடும் அது இப்போது நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் இருக்கிறது.

அனுமதி கேட்டு நின்ற மனிதர்

பிரெஞ்சுப் படைப்பிரிவு இப்போது அமெரிக்கர்களின் கீழ். விமானமும் அமெரிக்க விமானம், பி-38 லைட்னிங். இரண்டு இன்ஜின், இரட்டை வால், அந்தக் காலத்தின் அதிவேகங்களில் ஒன்று. உளவுக்கு வைத்திருந்த ரகத்தில் துப்பாக்கியைக் கழற்றிவிட்டு கேமரா பொருத்தியிருப்பார்கள். 10,000 மீட்டர் உயரத்தில், ஆக்சிஜன் மாஸ்க்கோடு, உறைகிற குளிரில், தனியாகப் பறக்க வேண்டும். எதிரி பின்னால் வந்தால் சுட முடியாது, ஓட மட்டும்தான் முடியும். விமானிக்கு வயது வரம்பு 35. செந்த்-எக்ஸுக்கு 43.

எப்படியோ அனுமதி வாங்கினார். இரண்டாவது பறத்தலிலேயே தரையிறங்கும்போது விமானத்தைச் சேதப்படுத்தினார். அமெரிக்கர்கள் அவரைத் தரையில் உட்காரவைத்துவிட்டார்கள்.

அடுத்த எட்டு மாதம்தான் இந்த வாழ்க்கையில் எனக்கு மிகவும் வலிக்கிற பகுதி. உலகம் அறிந்த எழுத்தாளர், அல்ஜியர்ஸில் யார் யார் கதவையோ தட்டிக்கொண்டு, திரும்பப் பறக்க விடுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். கடிதம் எழுதினார், சிபாரிசு பிடித்தார், விருந்துகளில் சீட்டுக்கட்டு வித்தை காட்டி அதிகாரிகளை மயக்கினார். கடைசியில் அமெரிக்கத் தளபதி ஈக்கர் மனம் இறங்கினார். ஐந்தே ஐந்து முறை என்று கணக்கு.

அவர் ஐந்தில் நிறுத்தவில்லை. விமான உடை போட இன்னொருவர் உதவ வேண்டும். அந்த இடது தோள் காரணமாக, பின்னால் எதிரி வருகிறானா என்று கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதே கஷ்டம். 44-வது பிறந்தநாளன்று ஒரு இன்ஜின் நின்றுபோய், ஜெர்மானியர் வசமிருந்த இத்தாலியின் மேல் தாழ்வாகப் பறந்து தப்பி வந்தார்.

படைப்பிரிவில் எல்லோருக்கும் புரிந்திருந்தது, இவர் இப்படியே போனால் திரும்ப மாட்டார். நேரே சொன்னால் கேட்கிற ஆளும் இல்லை. நண்பர்கள் ஒரு தந்திரம் யோசித்தார்கள். தெற்கு பிரான்ஸில் நேச நாட்டுப் படை தரையிறங்கப்போகும் ரகசியத்தை அவருக்குச் சொல்லிவிட்டால் போதும். அந்த ரகசியம் தெரிந்தவர் எதிரிப் பகுதிக்கு மேல் பறக்கக் கூடாது என்பது விதி. மாட்டினால் சித்திரவதையில் சொல்லிவிடலாம் அல்லவா. கோபப்படாமல், அவமானப்படாமல் ஆளைத் தரையில் நிறுத்த இதைவிட அன்பான வழி இருக்க முடியாது. ஆனால் சொல்வதற்குள் நேரம் கடந்துவிட்டது.

1944 ஜூலை 31, காலை 8.45. கோர்சிகா தீவின் போர்கோ விமானத் தளத்திலிருந்து கிளம்பினார். வேலை, கிரெனோபிள், அன்னெசி பக்கம் போட்டோ எடுப்பது. சிறுவயதில் ஓடியாடிய ஊர்கள் அங்கிருந்து அதிக தூரமில்லை. மதியம் ஒரு மணி ஆனது, வரவில்லை. இரண்டரை மணிக்கு மேல் விமானத்தில் எரிபொருள் இருக்க வாய்ப்பே இல்லை என்று தெரிந்தது. நாலு வாரத்துக்குள் பாரிஸ் விடுதலையாகப் போகிற நேரம். ‘குட்டி இளவரசன்’ பிரான்ஸில் அச்சாகி வந்தது 1946-ல். சொந்த நாட்டில் அந்தப் புத்தகத்தை அவர் பார்க்கவே இல்லை.

வலையில் வந்த கைச்சங்கிலி

54 வருஷம் ஒரு தகவலும் இல்லை. சுட்டார்களா, ஆக்சிஜன் கோளாறா, இல்லை அவரே முடித்துக்கொண்டாரா என்று புத்தகம் புத்தகமாக எழுதினார்கள். லியோன் விமான நிலையத்துக்கு அவர் பெயர் வைப்பதற்கு இரண்டு வருஷம் முன்பு, 50 ஃபிராங்க் நோட்டில் அவர் முகம் அச்சாகிக்கொண்டிருந்த காலத்தில், 1998 செப்டம்பரில் மார்செய் பக்கத்து மீனவர் ஒருவரின் வலையில் கருத்துப்போன ஒரு வெள்ளிக் கைச்சங்கிலி வந்தது. தேய்த்துப் பார்த்தால் அவர் பெயர். கூடவே கொன்சுவேலோ பெயரும், நியூயார்க் பதிப்பகத்தின் முகவரியும். அவ்வளவு சண்டைக்கும் பிரிவுக்கும் பிறகு, கடைசிப் பறத்தலில் கையில் கட்டியிருந்தது மனைவி பெயர்.

முதலில் நிறைய பேர் நம்பவில்லை, மோசடி என்றார்கள். 2000-ல் ஒரு முக்குளிப்பவர் ரியூ தீவுக்கு அருகே கடலடியில் விமானச் சிதைவுகளைக் கண்டுபிடித்தார். 2003-ல் சில பாகங்களை மேலே கொண்டுவந்தார்கள். ஒரு துண்டில் 2734 என்ற எண் இருந்தது. லாக்ஹீட் ஆலை ஒவ்வொரு விமானத்துக்கும் போடும் எண். பழைய பதிவேட்டைப் புரட்டினார்கள். அன்றைக்கு அவர் ஓட்டிய விமானமேதான். 2004 ஏப்ரலில் பிரெஞ்சு அரசு அதிகாரபூர்வமாக அறிவித்தது. துண்டுகள் லெ பூர்ஜே வந்து சேர்ந்தன. 22 வயதில் மண்டை உடைந்து விழுந்த மைதானம். 35 வயதில் சைகோனுக்குக் கிளம்பிய மைதானம்.

2008-ல் ஹோர்ஸ்ட் ரிப்பெர்ட் என்ற முன்னாள் ஜெர்மன் போர் விமானி, அந்த நாளில் அந்தப் பகுதியில் ஒரு லைட்னிங்கைச் சுட்டது தான்தான் என்று சொன்னார். சிறுவயதில் செந்த்-எக்ஸ் புத்தகங்களை விரும்பிப் படித்தவராம். உள்ளே இருப்பது யார் என்று தெரிந்திருந்தால் சுட்டிருக்க மாட்டேன் என்று வருந்தினார். ஆனால் அவர் சொன்னதை உறுதிப்படுத்த ஜெர்மன் பதிவேடுகளில் எதுவும் கிடைக்கவில்லை. மீட்ட துண்டுகளில் குண்டு பாய்ந்த தடயமும் இல்லை. கிடைத்ததே விமானத்தின் ஒரு சிறு பகுதிதான் என்பதால் சுடப்படவில்லை என்றும் சொல்ல முடியாது. தற்கொலை என்கிற கட்சியோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. சாக நினைக்கிறவர் பறக்க விடுங்கள் என்று எட்டு மாதம் மனு போட மாட்டார்.

உடல் கிடைக்கவே இல்லை. கல்லறையும் கிடையாது. பார்க்க வேண்டும் என்றால் இந்தத் துண்டுகள்தான். பாரிஸ் போனால் ஒரு அரை நாள் ஒதுக்குங்கள். திங்கள்கிழமை மட்டும் மியூசியம் லீவு.